பழைய பனங்கை: கடலோரக் குடிலுக்கு வாங்கலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடியிலோ மண்டபத்துப் பக்கமோ சொந்த மனையில், மாமன் மச்சானையும் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு 10க்கு 12 அடியில் ஒரு குடில் போடுகிறவர்கள் கூரைக்குச் சதுர இரும்புக் குழாயைத்தான் முதலில் விசாரிப்பார்கள். வேண்டாம். உப்புக்காற்றில் மெல்லிய குழாய் வெல்டிங் வைத்த இடத்திலிருந்து உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். இடித்த ஓட்டு வீடுகளிலிருந்து பழைய மரக்கடைக்கு வருகிற பனங்கை, அதாவது பனைமரத்தைப் பிளந்து செய்த கூரைச் சட்டம், இதைவிட மேல். 5க்கு 4 மதிப்பெண் கொடுக்கலாம். குறைகிற ஒரு மதிப்பெண் மரத்துக்காக அல்ல, விற்கிற லட்சணத்துக்காக.

கட்டாகவே தள்ளிவிடப் பார்ப்பார்கள். வெளிச்சுற்றில் கறுத்து மின்னும் கைகள், நடுவில் உளுத்தவை. கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை. ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டினால் வைரமுள்ளது கணீரென்று சொல்லும், சோடை மொத்தென்று சத்தம் போடும். இரண்டு முனையிலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்பக்கத்து மெத்தென்ற சோற்றில் கொஞ்சம் இறங்குவது சகஜம். கறுப்பு நாரிலும் இறங்கினால் அது விறகு. புது மரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். பச்சை மரம் காயும்போது முறுக்கவும் செய்யும்.

எத்தனை வேண்டும்? 12 அடி நீளத்துக்கு 2 அடி இடைவெளியில் பக்கத்துக்கு 7, ஆக 14. உடைசலுக்கு 2 கூடுதல். 30 டிகிரி சாய்வு, சுவருக்கு வெளியே 1 அடி இறவாணம் என்றால் ஒரு கை ஏறக்குறைய 7 அடி வரும். 8 அடித் துண்டாக வாங்குங்கள், பழைய ஆணி ஓட்டை உள்ள முனையை அறுத்துத் தள்ள இடமிருக்கும். இறவாணத்தை அதற்கு மேல் நீட்டாதீர்கள், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு அது கைப்பிடி.

கறுப்புப் பக்கம் மேலே வரவேண்டும். பழகாதவர்கள் அதிகம் தவறுகிற இடம் இதுதான். குறுக்குச் சட்டமான ரீப்பரைப் பிடிக்கும் திருகாணி நாரில் இறங்கினால் அசையாது, சோற்றில் இறங்கினால் ஒரு வாடைக்காலத்தில் ஆடிவிடும். சுவர்விட்டத்தில் உட்கார வெட்டும் பள்ளமான காடியும் அடிப்பக்கச் சோற்றில்தான் விழும் என்பதால் வைரம் அறுபடாது. முதல் ஜோடியைத் தரையில் போட்டு அளந்து வெட்டி, அதையே அச்சாக வைத்து மற்ற ஆறையும் வெட்டுங்கள். ஆளுக்கொரு டேப் பிடித்து அளந்தால் முகடு பாம்பு மாதிரி வளையும்.

ஆணி அடிக்கவே கூடாது. முனை நெடுக்காகப் பிளந்துவிடும். 10 மி.மீ. போல்டுக்கு 11 மி.மீ. துளை. நார் துளைமுனையைச் சூடேற்றிப் புகைய வைக்கும், அரை அங்குலத்துக்கு ஒருமுறை வெளியே இழுத்துத் தூள் தட்டுங்கள். நாரிலிருந்து பெயரும் சிலாம்பு கறுப்பு ஊசி போல உள்ளங்கையில் ஏறி, பிடுங்கும்போது உள்ளேயே ஒடியும். கையுறை இல்லாத ஆளை மரம் தூக்க விடாதீர்கள், சின்னப் பிள்ளைகளைக் கிட்டவே விடாதீர்கள்.

போல்டில் கஞ்சத்தனம் வேண்டாம். மஞ்சளாகப் பளபளக்கும் சாதா முலாம் இந்தக் கரையில் சீக்கிரம் துருப்பிடிக்கும்; உருக்கிய துத்தநாகத்தில் முக்கியது அல்லது 316 எவர்சில்வர். தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் புயல் அழித்த கரை இது. காற்று கூரையை அமுக்குவதைவிடத் தூக்கவே பார்க்கும். அதனால் கையை விட்டத்தோடும், விட்டத்தைத் தூணோடும் பட்டை வைத்து இறுக்கவேண்டும். கட்டுக்கம்பி கணக்கில் வராது.

வாங்கும்போதே வண்டி வாடகையில் இறக்குக்கூலி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வாசலில் சண்டை மிச்சம். வெட்டிய முனைகளுக்கு மட்டும் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் இரண்டு பூச்சு, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. தண்ணீர் குடிப்பது முனைதான். அந்த எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளிக்கும், தூரிகை பிடிக்கிறவர் முழுக்கைச் சட்டை போடட்டும்.