கண்புரை அறுவை: பேக்கோவா, எஸ்.ஐ.சி.எஸ்.ஸா?

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸின் புரதங்கள் திரண்டு ஒளியை மறைப்பதே கண்புரை. சொட்டு மருந்தாலோ மாத்திரையாலோ அதைக் கரைக்க முடியாது. அறுவை சிகிச்சை ஒன்றே வழி. மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பத்தின் முன் பெரும்பாலும் பேக்கோ (பேக்கோஎமல்சிஃபிகேஷன்), எஸ்.ஐ.சி.எஸ். (சிறு வெட்டுக் கண்புரை அறுவை) என்ற இரண்டு பெயர்கள் வைக்கப்படுகின்றன. முதலாவது பணம் உள்ளவர்களுக்கான ‘லேசர்’ சிகிச்சை என்றும், இரண்டாவது முகாமுக்கு வரும் ஏழைகளுக்கான பழைய முறை என்றும் பலர் நம்புகிறார்கள். இரண்டுமே தவறான எண்ணங்கள்.

பேக்கோவில் புரையை உடைப்பது லேசர் அன்று, மீயொலி (அல்ட்ராசவுண்ட்) அதிர்வு. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967இல் அறிமுகப்படுத்திய இம்முறையில், கருவிழியின் ஓரத்தில் ஏறக்குறைய 2 முதல் 3 மி.மீ. அளவே திறந்து, புரையைக் கண்ணுக்குள்ளேயே நொறுக்கி உறிஞ்சி எடுத்துவிட்டு, மடித்துச் செலுத்தக்கூடிய செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். எஸ்.ஐ.சி.எஸ். முறையில் விழியின் வெண்பகுதியில் 6 அல்லது 7 மி.மீ. அகலத்தில் ஒரு சுரங்கப்பாதைபோல் வெட்டி, அதன் வழியே புரையின் கருவை முழுதாக வெளியே எடுக்கிறார்கள். அந்தப் பாதை கண்ணின் உள்ளழுத்தத்தாலேயே மூடிக்கொள்வதால் இதிலும் பெரும்பாலும் தையல் தேவைப்படுவதில்லை. பெரிதாக வெட்டித் தையல் போட்டது இதற்கும் முந்தைய முறை. அந்த நினைவே எஸ்.ஐ.சி.எஸ்.மீது இன்றும் ஏற்றப்படுகிறது.

வெட்டு சிறியது என்பதால் பேக்கோவுக்கு உண்மையான அனுகூலங்கள் உண்டு. புண் விரைவில் ஆறுகிறது. கருவிழியின் வளைவு குறைவாகவே மாறுவதால், அறுவைக்குப் பின் உருவங்கள் கலங்கித் தெரியும் சிதறல் பார்வையும் (ஆஸ்டிக்மாட்டிசம்) குறைவு. புரை நடுத்தர நிலையில் இருந்து, செலவும் தாங்கக்கூடியதாக இருந்தால் நான் பேக்கோவையே பரிந்துரைப்பேன்.

ஆனால் பழுப்பாகவோ கருப்பாகவோ இறுகிவிட்ட புரையில் கணக்கு மாறுகிறது. அதை உடைக்க மிகுதியான மீயொலி ஆற்றலைச் செலுத்த வேண்டியிருப்பதால், கருவிழியின் உட்புறத்தைத் தெளிவாக வைத்திருக்கும் செல்கள் சேதமடையக்கூடும். அவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. இத்தகைய கண்களுக்கு, தேர்ந்த கையில் எஸ்.ஐ.சி.எஸ். பல வேளைகளில் பாதுகாப்பான தேர்வாக அமைகிறது. நேபாளத்தில் முற்றிய புரை உள்ளவர்களிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பிறகு இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவு நல்ல பார்வையே கிடைத்திருந்தது, எஸ்.ஐ.சி.எஸ். குறைந்த நேரத்திலும் குறைந்த செலவிலும் முடிந்தது.

விலை உயர்ந்த இயந்திரம் தேவைப்படாத இம்முறையால்தான் பெருந்திரளான ஏழை நோயாளிகளுக்குப் பார்வையளிக்க முடிந்தது. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அதன் சார்பில் 1992 முதல் மலிவு விலையில் செயற்கை லென்ஸ் தயாரித்துவரும் அரோலேபும் இதற்குக் கண்கூடான சான்றுகள். ஆகவே உங்கள் அப்பாவுக்கு எஸ்.ஐ.சி.எஸ். செய்தார்கள் என்பதில் தாழ்வு எதுவும் இல்லை.

“புரை முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடும் பழக்கம் மட்டுமே உண்மையில் தீங்கானது. தள்ளிப்போடத் தள்ளிப்போடப் புரை இறுகி, பேக்கோ கடினமாகிறது. சிலருக்குப் புரை ஊதியோ கசிந்தோ கண் அழுத்தம் திடீரென ஏறி, வலியோடு பார்வை நரம்பும் பாதிக்கப்படலாம். வாசிப்பதற்கோ, படியிறங்குவதற்கோ, அன்றாட வேலைக்கோ பார்வை இடைஞ்சலாகிவிட்டதென்றால் அதுவே அறுவைக்கு உரிய காலம்.

குடும்பங்கள் மேலும் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் லென்ஸின் தேர்வு. ஒற்றைக் குவிய லென்ஸ் பொதுவாகத் தூரப் பார்வையைத் தெளிவாகத் தரும். படிக்கக் கண்ணாடி வேண்டும். பல குவிய லென்ஸ் கண்ணாடியின் தேவையைக் குறைக்கும். ஆனால் ஒளியைப் பிரித்தளிப்பதால் மங்கலான வெளிச்சத்தில் வேறுபாடு காணும் திறன் சற்றுக் குறைவதோடு, இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையங்களும் தோன்றலாம். இரவில் வண்டி ஓட்டுபவருக்கு இது பெரும் தொல்லை. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கும், குளுக்கோமா (கண் அழுத்த நோய்) முற்றியவர்களுக்கும் பொதுவாகப் பல குவிய லென்ஸ் ஏற்றதன்று. கூடுதல் பணம் கட்டுவதற்கு முன், விழித்திரையைப் பரிசோதித்துவிட்டீர்களா, இந்தக் கண்ணுக்கு இந்த லென்ஸ் ஏன் என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். தெளிவான விடை கிடைக்காதவரை ஒற்றைக் குவிய லென்ஸே போதுமானது என்பது என் கருத்து.