பழைய ஹோண்டா சிட்டி: விடியலில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை

2012-ஆம் ஆண்டு மாடல் ஹோண்டா சிட்டி பெட்ரோல் காரை வாங்கி ஓட்டத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டைக்கு அன்றாடம் வேலைக்குச் சென்று திரும்புகிறேன். மாதம் ஒருமுறை குடும்பத்துடன் சென்னைக்கும் போய்வருகிறோம். இதுவரை வழியில் நின்று தவிக்கவிட்டதில்லை. இதற்குக் காரின் தரம் ஒரு காரணம் என்றால், பழைய காரைக் குளிர்ந்த நிலையில் விடியற்காலையிலும், சூடேறிய நிலையில் நண்பகலிலும் என இரண்டு வேளை பார்க்காமல் விலை பேசக்கூடாது என்று காட்பாடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பிடிவாதமாகச் சொன்னது மற்றொரு காரணம்.

2008 இறுதியில் இந்தியச் சந்தைக்கு வந்து 2013 வரை விற்பனையான மூன்றாம் தலைமுறை சிட்டியையே நான் குறிப்பிடுகிறேன். அதன் 1497 சி.சி. ஐ-விடெக் எஞ்சினில், உட்பாகங்களை ஒத்தியங்க வைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருப்பதால், குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் பெருஞ்செலவு கிடையாது. இதற்கு முந்தைய இசட்.எக்ஸ். மாடலின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு ஸ்பார்க் பிளக்குகள் உண்டு. நல்ல எஞ்சின்தான், ஆனால் அந்த வண்டிகள் இப்போது வயதாகிவிட்டன. ஹோண்டா சிவிக்கின் தோற்றம் எனக்கு மிகவும் பிடித்திருந்தும், நம் ஊர் வேகத்தடைகளில் அதன் அடிப்பாகம் உரசும் என்பதால் விட்டுவிட்டேன். டொயோட்டா இடியோஸ் உறுதியானது. எனினும் வாடகைக்கு ஓடி, பின்னர் வெள்ளை போர்டாக மாற்றப்பட்ட வண்டிகளும் விற்பனைக்கு வருவதால், ஆர்.சி.யின் பழைய விவரங்களைப் பார்க்காமல் அதில் இறங்க வேண்டாம்.

முதலில் நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு விற்பனையகத்தில், சென்னைப் பதிவெண் கொண்ட வெள்ளி நிறச் சிட்டி ஒன்றை மாலை வேளையில் பார்த்தேன். உள்ளே ஷாம்பு மணம் கமழ்ந்தது. எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சிங்கிள் ஓனர் என்றார்கள். அன்றைக்கே பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மறுநாள் அந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்றபோது, அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்து இறுதிவரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத கடைசி முழ நீளத்தில், கறுப்புப் பட்டையின் மீது தேநீர் படிந்ததுபோல் ஒரு கோடு தெரிந்தது. விரலால் தேய்த்தால் மாவு போன்ற வண்டல் ஒட்டியது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தால் அதன் குழியின் ஓரமெல்லாம் துரு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் நின்றதை நாம் அறிவோம். அப்படி நின்றவற்றில் ஒன்றுதான் அது என்று அவர் உறுதியாகச் சொன்னார். முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. பார்க்கப்போகும் காரில் முதல் வேலையாகச் சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பாருங்கள்; இருக்கைகளுக்கு அடியிலுள்ள தண்டவாளங்களையும், கார்பெட்டின் அடிப்பக்கத்தையும் கைவிட்டுத் தடவுங்கள். மேல்பூச்சை மாற்றுகிறவர்கள் அந்த இடங்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

இப்போது என்னிடம் உள்ள காரை வேலப்பாடியில் ஓர் ஆசிரியரிடமிருந்து வாங்கினேன். காலை ஆறு மணிக்கு வருகிறோம், அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்னிரவே கேட்டுக்கொண்டோம். போனவுடன் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்த்தோம், சில்லென்றிருந்தது. இந்தச் சிறு சோதனையைத் தவறவிடாதீர்கள், ஏனெனில் தேய்ந்த எஞ்சினும் சூடேறிய பிறகு அமைதியாகவே ஓடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். உள்ளே கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தெளிவான நிறத்தில் இருக்கவேண்டும். வேலூர்ப் பகுதியில் கூலண்டுக்குப் பதிலாக உப்புச் சுவையுள்ள போர் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்படி ஓடிய வண்டியில் மூடியின் அடியில் வெண்மையான படிவும், துருக் கலங்கிய நீரும் காணப்படும். எஞ்சின் ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற பசை இருந்தால், ஆயிலில் தண்ணீர் கலக்கிறதா என்ற ஐயம் வரவேண்டும்.

செல்ஃப் போட்ட முதல் சில விநாடிகளில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். செயின் தளர்ந்திருந்தால் சங்கிலி குலுங்கும் ஓசை அப்போதுதான் கேட்கும். டக்டக்கென்ற மெல்லிய டாப்பெட் (வால்வுகளை இயக்கும் பாகம்) ஓசை மட்டும் தொடர்ந்தால் பயப்படத் தேவையில்லை; இந்த எஞ்சினில் டாப்பெட் இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும், பலர் அதைச் செய்வதே இல்லை. என் காரிலும் அந்த ஓசை இருந்தது. சரிசெய்த பிறகு நின்றுவிட்டது. புகைபோக்கியில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். அந்தக் காரை விட்டுவிட்டு வந்துவிடலாம்.

காலைச் சாய்வெயில் பெயின்டைப் பார்ப்பதற்கும் ஏற்றது. காரின் பின்விளக்கருகே குனிந்து, பக்கவாட்டு முழுவதையும் ஒரே கோட்டில் பார்த்தால், பட்டி வைத்துப் பெயின்ட் அடித்த கதவில் பிரதிபலிப்பு அலையலையாக நெளியும். பெயின்டின் கனத்தை அளக்கும் கருவி கிடைத்தால், நிறுவனப் பூச்சு ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும், அதைவிட மிகக் கூடினால் மறுபூச்சு என்பதை நினைவில் கொள்ளவும். முன் ஃபெண்டரைப் பிடிக்கும் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட கீறல் இருந்தால் அது கழற்றப்பட்டிருக்கிறது. ஒரு கதவு மட்டும் டிங்கரிங் செய்யப்பட்டிருந்தால் நான் அதைப் பெரிய குறையாகக் கருதமாட்டேன். ஆனால் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் வெல்டிங் தடம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கமாட்டேன்.

அதே காரை மறுபடியும் பகல் ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தோம். நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில் ஏ.சி.யின் தரம் நிழலில் தெரியாது. அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திய பிறகு ஏ.சி.யைப் போட்டு, கிரீன் சர்க்கிள் சிக்னல் நெரிசலில் வேண்டுமென்றே நின்றுநின்று ஓட்டினோம். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது காற்று வெதுவெதுப்பானால் கண்டென்சர் ஃபேனிலோ, கம்ப்ரஸரிலோ கோளாறு இருக்கக்கூடும். இந்த மாடலில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது; குளிர்ந்திருந்தால் நீல விளக்கும், அளவுமீறிச் சூடானால் சிவப்பு விளக்கும் எரியும், அவ்வளவுதான். அதனால் காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகிக் கூலண்ட் வெப்பத்தை எண்ணாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். நெரிசலிலும் நூறு டிகிரியைத் தாண்டவில்லை என்பதைக் கண்ட பிறகே எனக்கு நம்பிக்கை வந்தது. பாலாற்றுப் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் கடகடவென்றது; சஸ்பென்ஷனிலுள்ள லிங்க் ராடு தேய்ந்திருந்தது, சிறு செலவுதான்.

ஏர்பேக்கைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். ஜப்பானின் தகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களில் (பையை ஊதவைக்கும் கருவிகளில்) பயன்படுத்தப்பட்ட அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டுகள் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் உள்ளாகும்போது சிதைந்து, விபத்தின்போது உலோகத் துண்டுகள் தெறிக்கும்படி வெடிக்கக்கூடியதாகிறது. உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவில் சிட்டியும் அவற்றில் ஒன்று. ஆர்.சி.யில் உள்ள எழுத்துகளும் எண்களுமாக 17 இடங்கள் கொண்ட சேஸிஸ் எண்ணை ஹோண்டாவின் இணையதளத்தில் இட்டால் உங்கள் கார் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் இலவசமாக மாற்றித் தருகிறார்கள். கைமாறிக் கைமாறி வந்த காரில் இந்த வேலை விடுபட்டிருக்க வாய்ப்பு உண்டு.

ஆவணங்களில், டி.என். 23 (வேலூர்) அல்லது டி.என். 73 (ராணிப்பேட்டை) வண்டியாக இருந்தால் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவையே முக்கியம். கடன் இருந்திருந்தால், வங்கியின் கடிதத்தோடு, ஆர்.சி.யில் கடன் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35-உம் கையில் வந்த பிறகே முழுத்தொகையைக் கொடுக்கவும். பெங்களூரு அருகில் இருப்பதால் கர்நாடகப் பதிவெண் வண்டிகளும் நம் ஊரில் மலிவாகக் காட்டப்படுகின்றன, அவற்றுக்குத் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்த பின் அந்த மலிவு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 ஆண்டுகளுக்கு ஆர்.சி. செல்லும் என்பதால், 2010 மாடலையும் 2013 மாடலையும் ஒரே விலைக்கு ஒப்பிடக்கூடாது.

மூன்றேகால் லட்சத்துக்கு வாங்கி, நான்கு டயர்கள், லிங்க் ராடு, கூலண்ட், டாப்பெட் வேலை என ஏறக்குறைய முப்பதாயிரம் செலவிட்டேன். டயர்களில் தேய்மானம் குறைவாகவே தெரிந்தாலும், தயாரிப்புக் காலத்தைக் குறிக்கப் பக்கவாட்டில் அச்சிடப்பட்ட நான்கு இலக்கங்கள் ஆறு ஆண்டு வயதைக் காட்டியதால் மாற்றினேன். ஊருக்குள் லிட்டருக்குப் பன்னிரண்டும், சென்னைச் சாலையில் பதினாறுக்குக் குறையாமலும் கிடைக்கிறது. பிக்கப் இன்றும் மகிழ்ச்சி தருகிறது. டிக்கியில் ஊருக்குப் போகும் பெட்டிகள் எல்லாம் அடங்குகின்றன. சாலை இரைச்சல் உள்ளே அதிகம் கேட்பதும், கதவுத் தகடு மெல்லியதாக இருப்பதும் குறைகள். இப்போது முன்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசியத் தொடங்கியிருக்கிறது. அடுத்த மாதம் இரண்டையும் சேர்த்தே மாற்ற இருக்கிறேன்.