ஜிம்ப்பில் 16 பிட்: பழைய படம் சரிசெய்பவனின் அனுபவம்

காரைக்குடியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆர்டரெல்லாம் ட்ரோன் வைத்திருக்கும் பையன்கள் பக்கம் போய்விட்டது. இப்போது எனக்குச் சோறு போடுவது பழைய படங்கள்தான். பர்மா, மலாயா காலத்துப் படங்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் நிறைய உண்டு. மஞ்சளித்து, பூஞ்சணம் பிடித்து, சிலது சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டே வரும். அவற்றைச் சரிசெய்ய நான் பயன்படுத்துவது ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள். வெளிச்சத்தை 8 பிட்டில் 256 படிகளாகப் பிரிப்பதற்குப் பதில் 65,536 படிகளாகப் பிரிக்கும் அதன் 16 பிட் வசதியைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

போன மாதம் ஒரு ஆச்சி தன் அப்பச்சியின் படத்தைக் கொண்டுவந்தார். பினாங்கில் எடுத்தது, ஆறுக்கு எட்டு அங்குலம். வலது கன்னத்திலிருந்து தோள்வரை காப்பி கொட்டியது போல ஒரு கறை. “தம்பி, முகம் தெரிஞ்சாப் போதும்” என்றார். முகத்தில்தான் கறையே.

மஞ்சள் கறைக்கு ஒரு பழைய வித்தை உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்யாமல் வண்ணத்தில் செய்துவிட்டு, சிவப்பு சேனலை, அதாவது படத்தின் சிவப்புப் பங்கை, மட்டும் எடுக்க வேண்டும். மஞ்சள் விழுங்குவது நீல ஒளியைத்தான்; சிவப்பில் கறை முக்கால்வாசி காணாமல் போய்விடும். ஆனால் பழுப்பேறிய படமும் சிவப்பில்தான் மிகவும் வெளிறிக் கிடக்கும். ஆச்சி படத்தின் சிவப்பு சேனலில், முகம் முழுக்க 256 படிகளில் ஏறக்குறைய 60 படிகளுக்குள் சுருண்டிருந்தது. அதை இழுத்து விரித்தால்தான் மூக்கு, மீசை எல்லாம் வரும்.

அன்று அவசரத்தில் ஸ்கேனரை வழக்கமான 24 பிட்டிலேயே விட்டுவிட்டேன். அதாவது சேனலுக்கு 8 பிட். கறுப்பு, வெள்ளை எல்லைகளை நகர்த்தும் லெவல்ஸ் கருவியில் இழுத்ததும், எந்தப் படியில் எத்தனை புள்ளி என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டு நின்றது. கன்னத்தில் ஊருணிப் படிக்கட்டு போல வரி வரியாக விழுந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இது இன்னும் மோசம். வண்ணப் படத்தில் மூன்று சேனலும் கலந்து ஓரளவு மறைத்துவிடும். இங்கே மொத்தமே ஒரு சேனல்தான்.

மறுபடி 48 பிட்டில், அதாவது சேனலுக்கு 16 பிட்டில், ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வைத்துக்கொண்டேன். அதே 60 படி இடத்தில் இப்போது 15,360 படிகள். என் ஸ்கேனர் அத்தனையையும் உண்மையாகப் பிரித்துப் பார்க்கிறது என்று சொல்லமாட்டேன், அடியில் கொஞ்சம் இரைச்சல்தான். அந்த இரைச்சலும் நல்லதுக்குத்தான், வரி விழாமல் காப்பாற்றுகிறது. வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் மோனோ மிக்ஸரில் சிவப்பு 1, மற்ற இரண்டும் 0. அப்புறம் லெவல்ஸ், அப்புறம் வளைகோட்டை இழுத்து வெளிச்சத்தைத் திருத்தும் கர்வ்ஸ் இரண்டு முறை. கன்னம் வழுவழுவென்று இருந்தது. காதில் கடுக்கன் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

8 பிட் கோப்பையே ஜிம்ப்பில் 16-க்கு மாற்றிக்கொள்ளலாமே என்று என் மைத்துனர் கேட்டார். டம்ளர் பாலை அண்டாவில் ஊற்றினால் பால் கூடுமா? இனிமேல் செய்யும் திருத்தங்களில் எண்கள் உதிராமல் இருக்கும், அவ்வளவுதான். போன படி போனதுதான்.

ஜிம்ப்புக்கு இந்த வசதி தாமதமாகத்தான் வந்தது. சினிமாக்காரர்கள் 1998 வாக்கிலேயே பொறுக்கமாட்டாமல் 16 பிட்டுக்காக ஃபிலிம் ஜிம்ப் என்று தனிக் கிளை பிரித்தார்கள். முதன்மை ஜிம்ப்பில் 2018-இல் வந்த 2.10 பதிப்பில்தான் 16, 32 பிட் எல்லாம் வந்தன. ஃபோட்டோஷாப்பில் வெகுகாலமாக இருக்கிறது. ஒரு வேடிக்கை, அதன் 16 பிட் 0 முதல் 32,768 வரைதான் எண்ணும். ஜிம்ப் 65,535 வரை போகும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, டீக்கடையில் பெருமை பேச உதவும்.

2025-இல் வந்த 3.0-தான் எனக்கு உண்மையான லாபம். கர்வ்ஸைப் போட்ட பிறகும் லேயரில் (படத்தின் அடுக்கில்) அது தனியாக நிற்கிறது. ஆச்சி வந்து “கொஞ்சம் வெளுப்பா இருக்கே” என்றால் திறந்து திருத்திக்கொள்ளலாம்.

குறையும் சொல்ல வேண்டும். பிட் அளவைத் தேர்ந்தெடுக்கும் மெனுவில் லீனியர் லைட், பெர்செப்சுவல் என்றெல்லாம் கேட்கிறது. ஸ்டுடியோக்காரனுக்கு அது கிரேக்கம். பழைய படத்துக்கு 16 பிட் இன்டீஜர், பெர்செப்சுவல் என்று வைத்தால் போதும். 32 பிட் ஃப்ளோட் பக்கம் போகாதீர்கள். இந்தப் படம் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) 3600-க்கு 4800 புள்ளி. 8 பிட்டில் ஒரு லேயர் 52 எம்பி, 16 பிட்டில் 104, 32-இல் 207. நாலு லேயரும் அண்டூவும் சேர்ந்தால் என் 8 ஜிபி கணினி மூச்சு வாங்குகிறது. 2.8 காலத்து ப்ளக்-இன்கள் (ஜிம்ப்போடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) சிலது 2.10-இல் உள்ளே 8 பிட்டில்தான் வேலை செய்தன என்பதையும் மறக்கக் கூடாது. கேமராவின் பதப்படுத்தாத ரா (RAW) கோப்பையும் ஜிம்ப் தானாகத் திறக்காது, டார்க்டேபிள் அல்லது ராதெரப்பி என்ற மென்பொருள் கூட இருக்க வேண்டும். எனக்கு அது தேவைப்படுவதில்லை.

பிரிண்ட் போடும் லேபுக்கு நான் ஒருமுறை 16 பிட் டிஃப்பை அப்படியே அனுப்பி, “அண்ணே, கோப்பு கெட்டுப்போச்சு” என்று போன் வந்தது. அவர்களுக்கு ஜேபெக் வேண்டும், ஜேபெக் என்றால் 8 பிட். அதனால் கடைசியில் படத்தை நகலெடுத்து, நகலை மட்டும் 8 பிட்டுக்கு மாற்றுகிறேன். மாற்றும்போது டித்தரிங் (படிகளுக்கு நடுவே புள்ளிகளைத் தூவிக் கலப்பது) கேட்கும், அதைப் போட்டுவிடுங்கள். பின்னணியில் சுவர் நிழல் திட்டுத் திட்டாகாமல் இருக்கும். 16 பிட் மூலப்படம் ஜிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப்பில் என்னிடமே இருக்கிறது. ஆச்சி நேற்று வந்து இன்னும் இரண்டு பிரதி கேட்டார், தங்கச்சிகளுக்காம்.