ஜிப்ஸிக்கு லிஃப்ட் கிட்: நெல்லைப் பக்கத்துக்கு எவ்வளவு தேவை?

மாருதி ஜிப்ஸியின் அண்ணன் தம்பி வண்டியை ஆஸ்திரேலியாவில் சியரா என்ற பேரில் பன்றி வேட்டைக்கு மாற்றுவார்கள். இங்கே அதற்கு 1972 வனவிலங்குச் சட்டம் இடம் தராது. பயிரை உழுதுபோடும் பன்றியைக்கூட விவசாயி தானாகச் சுட முடியாது. ஆக, நம்மூர் ஜிப்ஸிக்கு உள்ள வேலை ராத்திரிக் காவலும், களக்காட்டு மலையடி விளைகளுக்கு உரமூட்டை, மோட்டார் ஏற்றிப் போவதும்தான். வண்டியை உயர்த்தச் சந்தையில் கிடைக்கும் பாகத் தொகுப்பான லிஃப்ட் கிட்டுகளை இந்த வேலையை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

லிஃப்ட் சேசிஸைத்தான் தூக்கும். பாறையில் முதலில் இடிக்கிற டிஃபரென்ஷியல் (ஆக்சில் நடுவில் உள்ள கியர் உருண்டை) இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. கம்பெனி டயர் 205/70 ஆர்15, உயரம் சுமார் 668 மி.மீ. 215/75 போட்டால் 703, 235/75 போட்டால் 733. கூடுகிற உயரத்தில் பாதிதான் தரை இடைவெளியாகக் கிடைக்கும். 235 பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கியர் பத்து சதவீதம் நீண்டுவிடும், 1.3 லிட்டர் என்ஜின் மேட்டில் திணறும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் போகும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்கில்) உரசவும் செய்யும். கரிசலில் அகல டயர் சேற்றை அப்பிக்கொண்டு வழுக்கும், ஒல்லி டயர் கீழே கடினத் தரையைத் தேடிப் பிடிக்கும். திசையன்விளைப் பக்கத் தேரி மணலுக்கோ அகலம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 215 சரி. மணலில் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். தார் ரோட்டுக்கு ஏறுமுன் நிரப்ப சின்ன கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கட்டும். அதே இடத்தில் ஃபோர் வீல் டிரைவையும் எடுத்துவிடுங்கள், உலர்ந்த தாரில் அது கியரை முறுக்கும்.

டயருக்கு இடம்விட இரண்டு அங்குல லிஃப்ட் போதும். மலிவாகக் கிடைப்பது நீள ஷாக்கிள், அதாவது பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் இணைப்பு. அது இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஒரு அங்குலம்தான் ஏறும். முன்பக்க ஷாக்கிள் ஆக்சிலுக்கு முன்னால் இருப்பதால் ஸ்டியரிங்கை நேராக வைக்கும் காஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். 60-க்கு மேல் ஸ்டியரிங் அலையும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு, மூன்று டிகிரி ஆப்பு, தடித்த பக்கம் முன்னால் வரும்படி வைத்தால் திருந்தும். அதற்கு மேல் வைத்தால் டிஃபரென்ஷியலின் பினியன் (புரொபெல்லர் ஷாஃப்ட் சேரும் கியர்) தலை கவிழ்ந்து புரொபெல்லர் ஷாஃப்ட் அதிரும். உபரிப் பட்டை சொருகுவதை விட்டுவிடலாம்: காலி வண்டி குதிக்கும், டயர் தரையைப் பிடிக்காது. புதிய வளைவுப் பட்டை செட், அதற்கேற்ற நீள ஷாக் அப்சார்பர் என்று வருகிற கிட்டே பணத்துக்குத் தகுந்தது. பூட்டியதும் வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸைப் பாருங்கள். விறைத்து நின்றால் நீள ஹோஸ் மாற்றியே ஆக வேண்டும்.

முன்சக்கரம் தடதடத்தால் பட்டறையில் கிட்டைத்தான் முதலில் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் முன்சக்கரம் திரும்பும் அச்சில் உள்ள கிங்பின் பேரிங் தேய்ந்ததுதான் காரணம். கிளப்பும்போது அடியில் 'டங்' என்றால் முன், பின் ஆக்சிலுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மூன்று ரப்பர் மவுண்ட்டில் ஒன்று கிழிந்திருக்கும்.

கிட்டில் வராத, ஆனால் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை ஆக்சில் பிரீதர், அதாவது ஆக்சிலின் காற்றுத் துளை. ஓடையில் இறங்கினால் சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்து, பிரீதர் வழியே தண்ணீரை உறிஞ்சும், ஆயில் மோராகிவிடும். என்ஜின் அறை வரை ஹோஸ் இழுத்துக் கட்டினால் தீர்ந்தது. உவரி மாதிரிக் கடலோரத்தில் ஓடும் வண்டி என்றால், கிட் வாங்குமுன் பின் ஷாக்கிள் மாட்டும் இடத்தில் சேசிஸைத் துரு தின்றிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

முன்னால் இரும்புக் கம்பி பம்பர் வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்றுவிட்டது, பாரத்தால் முன்பட்டையும் தொய்யும். சேசிஸில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கி முன்னும் பின்னும் போதும். பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்டை, கிட் பூட்டி 500 கி.மீ. கழித்து மறுபடி முறுக்குங்கள். விட்டால் பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்து ஆக்சில் நகரும்.