புது நடைபாதை + சைக்கிள் லேன்: 8 மாசம் தினமும் உபயோகிச்சிட்டு எழுதுற ரிவ்யூ

திறந்த வாரத்துலயே எழுதிருக்கலாம், ஆனா புதுசா இருக்கும்போது எல்லாமே நல்லாத்தான் தெரியும், ஒரு மழைக்காலமாவது போகட்டும்னு காத்திருந்தேன். இந்த 8 மாசமா தினமும் காலைலயும் சாயங்காலமும் இந்த ரோட்லதான் சைக்கிள்ல போயிட்டு வர்றேன், வாரத்துல ரெண்டு மூணு நாள் எங்க அப்பாவ கூட்டிட்டு நடக்கவும் செய்றேன், லீவு நாள்ல 10 வயசுப் பொண்ணு அவ சைக்கிள்ல கூட வருவா. ஸ்டேஷன்கிட்ட ஆரம்பிச்சு லைப்ரரி, ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு எல்லாத்தையும் தொட்டுட்டுப் போற மெயின் ரோடு, மொத்தம் 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி.

முதல்ல மார்க் சொல்லிடறேன். நடைபாதைக்கு 5-க்கு 4. சைக்கிள் லேனுக்கு 3. ஜங்ஷனுக்கு 1, அதுவும் ஜீப்ரா கோடு புதுசா அடிச்சதுக்காக.

நடைபாதைல என்ன பிடிச்சிருக்குன்னா அகலம். முன்னாடி ஒருத்தர் நடந்தா எதிர்ல வர்றவங்க ரோட்ல இறங்கணும், இப்ப நானும் அப்பாவும் பக்கத்துல பக்கத்துல பேசிக்கிட்டே நடக்கறோம், எதிர்ல தள்ளுவண்டில குழந்தைய வச்சுக்கிட்டு வர்றவங்களும் உரசாம தாண்டிப் போறாங்க. கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா கைத்தடி வச்சு நடக்கற ஒருத்தர் கூட போனாத்தான் அதோட அருமை புரியும். ரெண்டாவது நல்ல விஷயம், பக்கத்துத் தெரு வந்து சேர்ற இடத்துல எல்லாம் நடைபாதைய கீழ இறக்காம அதே மட்டத்துல கொண்டு போயிருக்காங்க. வண்டிதான் ஏறி இறங்கணும், நடக்கறவங்க நேரா போயிட்டே இருக்கலாம். தெருவுக்குள்ள திரும்புற கார் தன்னால ஸ்லோ ஆகுது, யாரும் ஹார்ன் அடிக்கறதில்ல, போர்டு எதுவும் தேவைப்படல. இந்த டிசைன யார் போட்டாங்களோ அவங்களுக்கு மனசார நன்றி.

மஞ்சள் டைல்ஸ் போட்டிருக்காங்களே, அது அழகுக்குன்னு நிறைய பேர் நெனைக்கறாங்க. இல்ல, அது கண் தெரியாதவங்களுக்கு. நீளக் கோடு கோடா இருந்தா நேரா போகலாம்னு அர்த்தம், புள்ளி புள்ளியா இருந்தா நில்லு, முன்னாடி ரோடோ படியோ இருக்குன்னு அர்த்தம். ஜப்பான்ல செய்இச்சி மியாகேன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சு 1967-ல ஒகயாமா நகரத்துல ஒரு பார்வையற்றோர் பள்ளிக்கிட்ட முதல்ல பதிச்சது, இன்னிக்கு உலகம் பூரா இருக்கு. இங்க பெரும்பாலும் சரியாவே போட்டிருக்காங்க, ஆஸ்பத்திரி முன்னாடி மட்டும் அந்தக் கோடு நேரா போய் ஒரு கரண்ட் பெட்டில முட்டுது. வெள்ளைக் குச்சியோட வந்த ஒருத்தர் அந்தப் பெட்டில தோள்பட்டைய இடிச்சுக்கிட்டதை நானே பாத்தேன். பெட்டிய நகர்த்த முடியலன்னா கோட்டையாவது வளைச்சிருக்கலாம்ல, டைல்ஸ் பதிக்கற அன்னிக்கு அரைமணி நேர வேலை.

ராம்ப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும். சரிவுக்குப் பொதுவா சொல்ற கணக்கு 1-க்கு 12, அதாவது 10 சென்டிமீட்டர் ஏறணும்னா 120 சென்டிமீட்டர் நீளம் வேணும். நான் டேப் வச்சு அளந்தேன், நாலு இடத்துல மூணு சரியா இருக்கு. பிரச்சனை சரிவுல இல்ல, அது முடியற இடத்துல. ராம்ப் ரோட்டைத் தொடற எடத்துல ரெண்டு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு நிக்குது, கான்ட்ராக்டர் தார் போட்டப்போ மட்டம் பாக்கல. நடக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனா வீல்சேர்ல முன்னாடி இருக்கற சக்கரம் சின்னது, அது அந்த விளிம்புல போய் டக்குனு நின்னுடும், உக்காந்திருக்கறவங்க உடம்பு முன்னாடி சாயும். ஒரு அம்மா வீல்சேர அப்படியே திருப்பிக்கிட்டு பின்பக்கமா ஏத்தினாங்க, முதுகு காமிச்சுக்கிட்டு ரோட்ல நிக்கணும், பின்னாடி வண்டி வருதான்னு பாக்கவும் முடியாது. மழை பெஞ்சா அதே விளிம்பு கிட்டதான் தண்ணியும் தேங்குது.

பெஞ்ச் போட்டிருக்காங்க, 300 மீட்டருக்கு ஒண்ணு இருக்கும்னு நெனைக்கறேன், அப்பாவுக்கு அது பத்தல. அவர் கணக்கு ரொம்ப சிம்பிள், அடுத்து எங்க உக்காரலாம்னு தெரிஞ்சாத்தான் கிளம்புவார். நடுவுல இன்னும் ஒவ்வொரு பெஞ்ச் போட்டா இன்னும் நாலு வயசானவங்க வெளில வருவாங்க. மரக்கன்னு எல்லாம் பொழச்சுக்கிச்சு, நிழல் வர நாளாகும்.

இப்ப சைக்கிள் லேன். முன்னாடி இதே ரோட்ல வெள்ளைக் கோடு போட்டு ஒரு சைக்கிள் படம் வரைஞ்சு விட்டிருந்தாங்க, அதுல எப்பவும் ஏதாவது கார் நின்னுக்கிட்டிருக்கும், அத சுத்தி ட்ராஃபிக் உள்ள போயிட்டு திரும்ப வரணும், அந்த ஒரு செகண்ட் உயிரே போயிடும். இப்ப கல் விளிம்பு கட்டிப் பிரிச்சிருக்காங்க. இதுல ஒரு கார் கூட ஏறி நிக்கல, 8 மாசத்துல ஒண்ணு கூட. அமெரிக்கால போர்ட்லாண்ட் நகரத்துல சைக்கிள் திட்டம் பாத்த ராஜர் கெல்லர்னு ஒருத்தர் 2006 வாக்குல மக்கள நாலு வகையா பிரிச்சார்: எந்த ரோட்லயும் பயமில்லாம ஓட்டறவங்க 1 சதவீதம் கூட இல்ல, ஓரளவு தைரியமா ஓட்டறவங்க ஒரு 7, எப்படி இருந்தாலும் ஓட்டவே மாட்டோம்ங்கறவங்க மூணுல ஒரு பங்கு, மிச்சம் 60 சதவீதம் பேர் ஆசை இருக்கு ஆனா பயமா இருக்குன்னு சொல்றவங்க. அது அவரோட மதிப்பீடுதான், ஆனா இந்த ரோட்ல நான் கண்ணால பாக்கறது அதேதான். கோடு மட்டும் இருந்தப்போ என்ன மாதிரி நாலஞ்சு பேர்தான் போவோம். கல் விளிம்பு வந்ததும் ஸ்கூல் பசங்க, கூடை வச்ச சைக்கிள்ல அம்மாக்கள், ரிட்டயர் ஆனவங்கன்னு புதுப்புது முகமா வருது. எங்க பொண்ண இந்த ரோட்ல சைக்கிள் ஓட்ட விடுவேன்னு போன வருஷம் யாராவது சொல்லிருந்தா நானே நம்பிருக்க மாட்டேன்.

குறைன்னா, லேன் ஒண்ணரை மீட்டர்தான் இருக்கு. முன்னாடி ஒரு குழந்தை மெதுவா போனா தாண்ட முடியாது, மணி அடிச்சா அது பயந்துடும், அதனால பின்னாடியே உருட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான். இன்னும் அரை மீட்டர் குடுத்திருந்தா போதும். அப்புறம் மழைத்தண்ணி வடியற இரும்பு ஜாலி. முதல்ல போட்டது கம்பி எல்லாம் சைக்கிள் போற திசையிலயே நீளவாக்குல இருந்துச்சு, நடுவுல இருக்கற சந்துல மெல்லிசான டயர் அப்படியே இறங்கிடும், எனக்கே ஒரு தடவ முன் சக்கரம் மாட்டி கைய ஊணி விழுந்து மணிக்கட்டு 3 வாரம் வீங்கிப் போச்சு. போட்டோ எடுத்து, டயரோட அகலத்தையும் சந்தோட அகலத்தையும் அளந்து எழுதிக் குடுத்தேன். ஒன்றரை மாசத்துல எல்லா ஜாலியையும் கழட்டி குறுக்குவாக்குல திருப்பிப் போட்டுட்டாங்க. இத ஏன் சொல்றேன்னா, சும்மா "ரோடு சரியில்ல"ன்னு போன்ல கத்தினப்போ ஒண்ணும் நடக்கல, எந்த எடம் என்ன அளவுன்னு குடுத்ததும் வேலை நடந்துச்சு. நீங்களும் அப்படியே எழுதுங்க.

பெருக்கறதுதான் இன்னும் தீராத விஷயம். ரோடு பெருக்கற வண்டி இந்த லேனுக்குள்ள நுழையாது, அதனால இலை, மண், கண்ணாடித் துண்டு எல்லாம் கல் விளிம்புக்குள்ளயே சேருது. 8 மாசத்துல 4 பஞ்சர். லேன் கட்டறப்பவே சின்ன வண்டி ஒண்ணு வாங்கியிருக்கணும்.

ஸ்டாண்டு பத்தி ஒரு வரி: முன் சக்கரத்த மட்டும் கவ்விப் பிடிக்கற மாதிரி போட்டிருக்காங்க, சைக்கிள் சாஞ்சா ரிம் கோணலாயிடும், பூட்டு போடவும் சரியா எடம் இல்ல. கவுத்துப் போட்ட 'ப' மாதிரி வளைச்ச ஒரு கம்பி போதும், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள சாய்ச்சு பாடியோட சேத்துப் பூட்டலாம், விலையும் கம்மிதான்.

இப்ப ஜங்ஷன். இந்த ரோட்ல 3 பெரிய ஜங்ஷன் இருக்கு, மூணுலயும் ஒரே தப்பு. ஜங்ஷனுக்கு 30 மீட்டர் முன்னாடியே கல் விளிம்பு முடிஞ்சு போகுது, லேன் மறைஞ்சிடும், தரைல ஒரு அம்புக்குறி மட்டும் இருக்கும். எங்க வண்டி திரும்புதோ, எங்க ஆபத்து ஜாஸ்தியோ, அங்கதான் பாதுகாப்ப எடுத்துட்டாங்க. பொண்ணு அதுவரைக்கும் முதுகு நிமிந்து பாட்டுப் பாடிக்கிட்டே வருவா, அந்தக் கல் முடியற எடம் வந்ததும் பாட்டு நின்னுடும், ரெண்டு காலையும் தரைல வச்சுடுவா, ஹேண்டில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு "அப்பா, இங்க இறங்கிடவா?"ன்னு கேப்பா. இறங்கிக்கோம்மான்னு சொல்லி ரெண்டு பேரும் தள்ளிக்கிட்டே தாண்டுவோம். ஒவ்வொரு தடவையும் இதே கதை.

கார்னர் வளைவு ரொம்ப பெருசா இருக்கறதுதான் மூல காரணம். வளைவு பெருசா இருந்தா கார் பிரேக்கே தொடாம திரும்பும். நெதர்லாண்ட்ஸ்ல கார்னர்ல சின்னதா ஒரு திட்டு கட்டுவாங்க, கார் அத சுத்தி மெதுவாத்தான் திரும்ப முடியும், சைக்கிள்காரங்க அந்தத் திட்டுக்குப் பின்னாடி காருக்கு முன்னாலயே கண்ணுல படற மாதிரி நிப்பாங்க, பாதி திரும்பி வர்ற கார் டிரைவர் நேருக்கு நேர் அவங்களப் பாப்பார். இதுக்கு பாலம் கட்ட வேணாம், இடம் வாங்க வேணாம், இருக்கற தார்ல கல்லும் சிமெண்டும்தான். அதுவும் முடியலன்னா கார்னர்லேர்ந்து சில மீட்டருக்கு வண்டி நிறுத்தவே முடியாதபடி தடுத்துட்டா, யார் வர்றாங்கன்னு ரெண்டு பக்கமும் தெரியும். அமெரிக்கால நியூ ஜெர்சில ஹோபோக்கன்னு சுமார் 60,000 பேர் இருக்கற ஊரு, அங்க ஜங்ஷன் ஜங்ஷனா இதைத்தான் செஞ்சாங்க, வேற சில வேலைகளும் சேர்ந்து 2017-லேர்ந்து வருஷக்கணக்கா அந்த ஊர்த் தெருக்கள்ல ரோடு விபத்துல ஒரு சாவு கூட இல்லாம இருந்துச்சு.

சிக்னல் நேரம் இன்னும் மோசம். ரோடு அகலம் 14 மீட்டர், நடக்கறவங்களுக்குப் பச்சை 12 செகண்ட். செகண்டுக்கு 1.2 மீட்டர் நடக்கற ஆளுக்கு கணக்கு சரியா வரும். அப்பா வேகம் 0.8 தான் இருக்கும், அவருக்கு 17, 18 செகண்ட் வேணும். நடுவுல நிக்க திட்டு கிடையாது. முதல் தடவ பாதில சிவப்பு விழுந்துச்சு, ரெண்டு பக்கமும் வண்டி உறுமுது, அவர் என் கைய பிடிச்ச பிடி இன்னும் ஞாபகம் இருக்கு. அந்தப் பக்கம் போய் சேர்ந்ததும் மூச்சு வாங்கிக்கிட்டே "இனிமே இந்தப் பக்கம் வேணாம்பா, அங்கயே திரும்பிடலாம்"னு சொன்னார். அன்னிலேர்ந்து நாங்க முதல் ஜங்ஷன் வரைக்கும்தான் நடக்கறோம். 3 கிலோமீட்டர் நடைபாதைல அவருக்குக் கிடைச்சது 800 மீட்டர். டைமர்ல 6 செகண்ட் கூட்டறதுக்கு செலவே இல்ல, எழுதிக் குடுத்து 4 மாசம் ஆகுது, பதில் இல்ல.

ஸ்பீடு பத்தியும் சொல்லணும். 30-னு போர்டு வச்சிருக்காங்க, ஆனா கார் போற பகுதி அதே பழைய அகலம், யாரும் 30-ல போறதில்ல. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினா உயிர் போற விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கார் லேன ஒரு அடி குறைச்சு அத சைக்கிள் லேனுக்குக் குடுத்திருந்தா மேல நான் கேட்ட அரை மீட்டர்ல பாதிக்கு மேல அங்கயே கிடைச்சிருக்கும், வேகமும் குறைஞ்சிருக்கும்.

"இதெல்லாம் பெரிய பணக்கார நகரத்துக்குத்தான், சின்ன ஊருக்கு எதுக்கு"ன்னு ஒரு பேச்சு அடிக்கடி வருது, எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. சின்ன ஊர்லதான் எல்லாமே சைக்கிள் தூரத்துல இருக்கு. ஸ்பெயின்ல போன்டெவெத்ரான்னு சுமார் 83,000 பேர் இருக்கற ஊரு, 1999-ல மேயரா வந்த மிகேல் ஆன்ஷோ ஃபெர்னாண்டஸ் லோரஸ் நடு ஊரையே நடக்கறவங்களுக்குத் திருப்பிக் குடுத்தார். மெட்ரோ மேப் மாதிரியே ஒரு மேப் போட்டாங்க, ரயிலுக்கு பதிலா எங்கேர்ந்து எங்க நடக்க எத்தன நிமிஷம்னு. நம்ம ரோட்டுக்கும் அப்படி ஒரு போர்டு வச்சா எவ்வளவு நல்லா இருக்கும், ஸ்டேஷன்லேர்ந்து லைப்ரரி 10 நிமிஷம்தான், நிறைய பேர் அது ரொம்ப தூரம்னு நெனச்சுக்கிட்டு கார் எடுக்கறாங்க. நெதர்லாண்ட்ஸ்ல க்ரோனிங்கன் 1977-லயே நடு ஊர நாலு பாகமா பிரிச்சு, ஒரு பாகத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு கார் நேரா போக முடியாம வெளி ரோடு சுத்தித்தான் போகணும்னு வச்சாங்க, நடந்தா சைக்கிள்ல போனா நேர் வழி. அன்னிக்கு எவ்வளவோ எதிர்ப்பு இருந்துச்சு, இன்னிக்கு சைக்கிள்னாலே அந்த ஊர் பேரத்தான் சொல்றாங்க.

ஸ்பெயின்லயே இருக்கற செவில் நகரத்துலேர்ந்தும் ஒண்ணு கத்துக்கலாம். அது பெரிய ஊருதான், ஆனா 2006, 2007 வாக்குல சுமார் 80 கிலோமீட்டர் லேன ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி ஒரே மூச்சுல போட்டாங்க, அதனாலதான் ஜனங்க உடனே சைக்கிள் எடுத்தாங்க. இங்க ஒரே ஒரு ரோடு, ரெண்டு முனையும் எங்கயும் சேராம நிக்குது. ஸ்டேஷன் முனைல லேன் முடிஞ்சதும் நேரா பஸ் நிக்கற எடத்துக்குள்ளதான் போய் விழறோம். அடுத்த ரோடு இதோட சேரணும், வேற எங்கயோ தனியா இன்னொரு 3 கிலோமீட்டர் போட்டா பிரயோஜனம் இல்ல.

யாருக்கு இந்த ரோட சிபாரிசு பண்ணுவேன்னா, ஸ்டேஷனுக்கும் லைப்ரரிக்கும் நடுவுல போறவங்க எல்லாருக்கும், கண்ண மூடிக்கிட்டு. அதத் தாண்டி ஆஸ்பத்திரிக்கோ ஸ்கூலுக்கோ போறவங்க ஜங்ஷன்ல இறங்கி தள்ளிக்கிட்டுப் போங்க, தப்பே இல்ல. வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க பச்சை விழுந்த உடனே கிளம்புங்க, பாதி பச்சைல கிளம்பாதீங்க, அடுத்ததுக்கு நில்லுங்க.

பொண்ணு இப்ப லைப்ரரிக்கு தனியாவே போயிட்டு வர்றா, அது முதல் ஜங்ஷனுக்கு இந்தப் பக்கமே இருக்கு. ஸ்கூல் மூணாவது ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம். அதுக்கு இன்னும் நான்தான் கூடப் போறேன்.