வாட்டர் பேஸ் எனாமல்: கதவுக்குத் தாராளமாக, கிரில்லுக்கு யோசித்து

கதவு, ஜன்னல் வேலை என்றால் பெயிண்டர் கேட்பது ஆயில் எனாமலும் அதில் கலக்க டர்பெண்டைனும்தான். அதற்கு மாற்றாகக் கடைகளில் கிடைக்கும் வாட்டர் பேஸ் எனாமலை மர வேலைக்குத் தயங்காமல் வாங்கலாம். இரும்பு என்றால் அரை மனதோடுதான் சொல்ல முடியும்.

வாடை வராது என்று சொல்லித்தான் கடையில் விற்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. ஆயில் எனாமல் காயும்போது அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. இப்படி எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்களைச் சுருக்கமாக வி.ஓ.சி. என்பார்கள். இந்த ஆவியும் வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்தால் தரைமட்ட ஓசோன் உண்டாகும். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே வாயு, மூச்சில் போனால் நுரையீரலை அரிக்கும். ஆஸ்துமாக்காரர்களை உடனே படுத்தும். லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டம் இப்படித்தான் உருவாகிறது என்று வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் 1950களில் காட்டினார். பின்னால் அந்த வட்டாரத்தில் பெயிண்டுக்கே வி.ஓ.சி. வரம்பு வந்தது. நைட்ரஜன் ஆக்சைடு மண்டிய நகர நடுவில் ஓசோனைக் குறைக்க வி.ஓ.சி.யைக் குறைப்பதுதான் நேர்வழி.

ஒரு கதவை வைத்துக் கணக்குப் போடலாம். ஏழுக்கு மூன்றடிக் கதவு, இரு பக்கமும் நிலையும் சேர்த்துச் சுமார் 55 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும். மரம், இரும்புக்கான பெயிண்டில் ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு ஆயில் வகையில் 300 கிராம், தண்ணீர் வகையில் 130 கிராம். ஆயில் டப்பா அந்த வரம்பில் நின்றாலும், கலக்க 100 மி.லி., பிரஷ் கழுவ 200 மி.லி. டர்பெண்டைன் சேர்த்தால் இன்னும் 230 கிராம் ஏறும். ஆக ஒரு கதவுக்கு அரைக் கிலோவுக்கு மேல் ஆவி! கழுவிய டர்பெண்டைனை மூடி வைக்கும் பெயிண்டர் அபூர்வம்.

வாங்கும்போது ‘லோ ஓடர்’ என்ற எழுத்தை நம்ப வேண்டாம். வாடை குறைவு வேறு, வி.ஓ.சி. குறைவு வேறு. லிட்டருக்கு எத்தனை கிராம் என்று டப்பாவிலோ கம்பெனியின் தொழில்நுட்பத் தாளிலோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடர் நிறத்துக்கு மெஷினில் சேர்க்கும் கலர் பேஸ்ட்டும் கொஞ்சம் கூட்டிவிடும்.

இந்தப் பெயிண்ட் சொதப்பும் இடம் பெரும்பாலும் பழைய ஆயில் எனாமல் மேல்தான். பளபளப்பு போகாமல் அடித்தால் சில மாதத்தில் பாம்புச் சட்டைபோல உரியும். சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, 180 நம்பர் உப்புத்தாளால் மங்கும்வரை தேயுங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சாக இருந்தால் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், ஈயத் தூசி பறக்கக் கூடாது. நன்றாகக் காய்ந்தபின் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அப்புறம் இரண்டு கோட். கலக்க 5 முதல் 10 சதவீதம் தண்ணீர் போதும். பன்றிமுடி பிரஷ் தண்ணீரில் ஊதிக் கோடு விடும். நைலான் பிரஷ் வாங்குங்கள். பழக்கதோஷத்தில் யாராவது டர்பெண்டைன் ஊற்றினால் டப்பாவே திரிந்துபோகும்.

உச்சி வெயிலில் அடித்தால் பிரஷ் இழுப்பதற்குள் காய்ந்து தடம் விழும். காலை பத்துக்குள் முடிப்பது நல்லது. அடைமழை நாளில் படலம் சரியாகப் பிடிக்காது. தேக்கு, பலா மரத்தில் பிரைமர் சரியில்லை என்றால் பழுப்புக் கறை மேலே எழும். தொட்டால் ஒட்டவில்லை என்று அன்றே கதவைச் சாத்தினால் நிலையோடு ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். இரண்டு மூன்று நாள் திறந்தே கிடக்கட்டும்.

பளபளப்பில் ஆயிலுக்கு ஒரு படி கீழேதான். ஆனால் வெயில் படாத அறையில் ஆயில் வெள்ளை மஞ்சளாகும்; இது ஆகாது.

கிரில் விஷயம் வேறு. வெறும் இரும்பில் நேராக அடித்தால் காயும் முன்பே துருப்புள்ளி பூக்கும். ரெட் ஆக்சைடு பிரைமர் வேண்டும். வழக்கமாகக் கிடைக்கும் ரெட் ஆக்சைடோ கரைப்பான் வகை. அதனால் ஆவி குறைவது ஓரளவுதான். மழையில் நனையும் கிரில்லுக்கு அதையும் ஒழுங்காகச் செய்யப் பொறுமை இல்லையென்றால் ஆயிலே அடித்துவிடுங்கள். வெயில் சுள்ளென்று அடித்துக் காற்றே அசையாத நாளைத் தவிர்த்து, டர்பெண்டைன் பாட்டிலை மூடி வைத்து, கழுவியது தெளிந்ததும் மறுபடி பயன்படுத்துங்கள்.