செட்டிநாட்டு வீட்டு அடுப்படியை மாத்திக் கட்டப் போறீங்களா, இதைப் படிச்சிட்டு ஆளைப் பிடிங்க

காரைக்குடி பக்கம் எங்க பூர்வீக வீடு, 1920-கள்ல கட்டுனது. கடைசிக் கட்டுல இருக்குற அடுப்படிக்கு சிங்க், சிம்னி, கேஸ் மேடை மட்டும் வேணும், பழைய சுவர், தரை, தேக்கு அலமாரி எதுலயும் கை வைக்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லித்தான் ஒரு கான்ட்ராக்டர்கிட்ட குடுத்தோம். ஹெரிடேஜ் வேலைதான் எங்க ஸ்பெஷாலிட்டின்னு போன்ல போட்டோவா காட்டினாரு, எல்லாம் வேற ஆளுங்க செஞ்ச வேலைன்னு இப்பதான் தெரியுது.

நாங்க சென்னையில இருக்கோம், அட்வான்ஸ் கைக்கு வந்ததும் மனுஷன் சுண்ணாம்புச் சுவரைக் கொத்திட்டு மேல சிமென்ட் பூசிட்டாரு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்தாலும் வெளிய விட்டுரும், சிமென்ட்டால மூடிட்டா அது உள்ளயே நிக்கும். ஒரு மழைக்காலம்தான், சிங்குக்குக் கீழ உப்பு பூத்து, தட்டுனா டொக்குடொக்குன்னு கேக்குது, நகத்தால நெம்புனா அப்பளம் மாதிரி பேந்து வருது. வளவுல, அதாவது நடு முற்றத்தைச் சுத்தி இருக்குற பகுதியில, சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு சேத்துப் பூசுன சுவர் இன்னைக்கும் முகம் தெரியுற பளபளப்போட நிக்குது, அதைப் பாத்தா வயிறு எரியுது.

தரையில உடைஞ்சிருந்த ஆத்தங்குடி கல்லுக்குப் (காரைக்குடி பக்கம் ஆத்தங்குடியில கையால செய்யுற தரை டைல்ஸ்) பதிலா அதே கல்லைப் போடுறேன்னு பில் போட்டுட்டு பூ டிசைன் பிரிண்ட் பண்ண ஃபேக்டரி டைல்ஸை ஒட்டியிருக்காரு. நிஜ ஆத்தங்குடி கல்லை சூளையில சுடறதில்ல, கண்ணாடி மேல கலரை ஊத்தி பின்னாடி மணலும் சிமென்ட்டும் போட்டு தண்ணியில ஊறவச்சு எடுப்பாங்க, உடைஞ்ச ஓரத்தைப் பாத்தா மேல கலர் பட்டையும் கீழ சிமென்ட்டும் தனித்தனியா தெரியும். நல்லா இருந்த பழைய கல்லையும் கறை போகணும்னு ஆசிட் ஊத்தித் தேச்சு வெளுக்க வச்சிட்டாங்க, சிமென்ட் கல்லுல ஆசிட் பட்டா மேல்முகத்தையே அரிச்சிடும்.

பர்மா தேக்கு அலமாரியைக் காணோம். அம்மா கேட்டதுக்கு "ஆச்சி, அது செல்லரிச்சுப் போச்சு, விறகுக்குப் போட்டாச்சு"ங்கறாரு. காரைக்குடியில பழைய வீட்டுத் தூண், கதவு விக்கிறதுக்குன்னே கடைங்க இருக்கு, அதைத் தெரியாதவங்களா நாங்க! போலீஸ்ல மனு குடுத்து சிஎஸ்ஆர் (மனுவை வாங்கிக்கிட்டதுக்கான ரசீது) வாங்கிட்டோம், பாக்கிப் பணமும் குடுக்கல, இப்போ போனையே எடுக்கறதில்ல.

வேலை குடுக்கறவங்க எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க, கழட்டுற மரம், கல்லு எல்லாம் நமக்குத்தான், பழைய சுவருக்கு சிமென்ட் கூடாதுன்னு அக்ரிமென்ட்லயே எழுதி கையெழுத்து வாங்குங்க, டைல்ஸ் இறங்குறப்ப ஒண்ணை உடைச்சுப் பாருங்க. நாங்க இனி அந்த சிமென்ட்டை சுரண்டி, சுவரைக் காயவிட்டு திரும்ப சுண்ணாம்பு பூசணும். கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணியில சுண்ணாம்பு அரைச்சுப் பூசத் தெரிஞ்ச கொத்தனார் யாரையாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.